திறப்பு விழா நடக்காத பாலம்

வேகாத வெயிலில் அமைச்சர் அரியநாயகம் நாச்சியாரம்மாவின் ஆசிரமத்துக்கு நடந்து வந்தார். அந்தச் சிறிய நாட்டில் சாலை, பாலம், கால்வாய் எல்லாம் அவர் பொறுப்பு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரு நாச்சியாரம்மா அவரைவிட இருபது வயதாவது இளையவர். இருந்தாலும், அரண்மனையில் லேசில் வளையாத அமைச்சரின் முதுகு இந்த வாசலில் மட்டும் தானாக வளையும்.

"வாங்க அரியநாயகம். முகமே சரியில்லையே."

"நாளைக்குச் சபை கூடுதும்மா. மலைச்சாலையை நிறுத்திடப் போறாங்க."

மலைச்சாலை அவருடைய நெடுநாள் கனவு. மேலே ஏழெட்டு ஊர்கள் இருந்தன. அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித்தான் கீழே தூக்கி வரவேண்டும். அப்படி வரும் வழியிலேயே கண்ணை மூடியவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி.

"எதுக்கு நிறுத்தறாங்களாம்?"

"ஆத்துப் பாலத்துக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டினோம், நாடு துளிகூட வளரலையேன்னு ராஜா கேக்கறார். பொக்கிஷ அமைச்சர் மருதப்பன் பக்கத்துல நின்னு தலையாட்டறார். பாலம் வந்தா வியாபாரம் பெருகும்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். பெருகலையே. ஏம்மா?"

குரு "முதல்ல சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

அடுப்படியில் ஒரு அண்டா நிறையக் கதம்ப சாதம் இருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் அண்டாவின் வாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குரு எதிரே உட்கார்ந்து, ஆசிரமத்துப் பசு கன்று போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கன்று பிறந்தது, எழுந்து நின்றது, பால் குடித்தது, துள்ளியது. இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்தே போயிற்று.

"அம்மா, பசிக்குது."

"சமைச்சு எவ்வளவு நேரமாச்சு. இன்னுமா பசிக்குது?"

"சமைச்சாப் போதுமா? இலைக்கு வரலையே."

"வரும். நல்ல நேரம் பாத்துட்டிருக்கோம். அதோட, முதல் கரண்டியை யார் போடறதுன்னு நம்ம சமையல்காரங்க ரெண்டு பேருக்கும் இன்னும் பேசி முடியலை."

அரியநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பாலத்தைச் சொல்றீங்க."

"நான் சோத்தைச் சொன்னேன். பாலத்துக்கு என்ன?"

அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். பாலம் போன ஆனியிலேயே முடிந்துவிட்டது. திறப்பு விழாதான் நடக்கவில்லை. ஆடி ஆகாது. ஆவணியில் ராஜாவுக்குக் காய்ச்சல். புரட்டாசி வேண்டாம் என்றார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போயின. மார்கழியைக் கேட்கவே வேண்டாம். தையில் நாள் குறித்தபோது கல்வெட்டில் தகராறு வந்தது. ராஜா பெயருக்கு அடுத்து யார் பெயர்? கட்டிய அமைச்சர் பெயரா, பணம் கொடுத்த அமைச்சர் பெயரா? இப்போது பங்குனி. எழுத்து வெட்டாத கல் பாலத்தடியில் கிடக்கிறது.

"கட்டின அமைச்சர் விட்டுக்கொடுக்கலையாக்கும்?"

அரியநாயகம் இலையின் ஓரத்தைக் கிள்ளினார். அந்த அமைச்சர் அவர்தானே.

"இப்ப ஆத்தைத் தாண்டி எப்படி வந்தீங்க?"

"ஓடத்துலதான்" என்றார் மெதுவாக.

குரு அண்டாவின் துணியை அவிழ்த்தார். "சாப்பிடுங்க. பாலம் பாக்க வெறும் வயித்தோட போகக்கூடாது."

இருவரும் போய்ப் பார்த்தபோது பாலம் அழகாகத்தான் இருந்தது. முகப்பில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு காவல்காரர் நின்றார். பாலத்தின் நிழலிலேயே ஓடம் ஒன்று எதிர்க்கரைச் சந்தைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இடம் கிடைக்காதவர்கள் கரையில் காத்திருந்தார்கள். அவர்களில் செல்லத்தாயி என்ற தோட்டக்காரப் பெண்ணும் ஒருத்தி. காலடியில் பெரிய கூடை நிறைய வெள்ளரிப்பிஞ்சு.

"நேத்தும் இதே கூத்துதான்" என்றாள் அவள். "என் முறை வர்றதுக்குள்ள பாதி வாடிப்போச்சு. மாட்டுக்குத்தான் போட்டேன்."

அரியநாயகம் காவல்காரரிடம் போனார். "இவங்களைப் பாலத்துல விட்டா என்ன?"

"திறப்பு விழா முடியாம ஒரு காக்காகூட உக்காரக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"யார் உத்தரவு?"

"நீங்கதானேய்யா போட்டீங்க."

குரு ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அரியநாயகம் துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு முள்ளை இழுத்துப் போட்டார். கையெல்லாம் கீறியது.

"ஐயா, ராஜா கேட்டா நான் என்ன சொல்றது?" என்று காவல்காரர் பதறினார்.

"அமைச்சருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு சொல்லு."

செல்லத்தாயிக்கு அவர் யாரென்று தெரியாது. "பெரியவரே, கூடைக்குக் கொஞ்சம் கை கொடுங்க" என்றாள். அமைச்சர் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் நடந்தாள். நடுப்பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி நடந்தாள். அவள் பின்னாலேயே கீரைக்கட்டுகள் போயின, பால்குடங்கள் போயின, ஒரு மாட்டுவண்டியும் போயிற்று. ஓடக்காரர் துடுப்போடு நின்று கொஞ்ச நேரம் வாய் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மோர்ப்பானையோடு வந்து பாலத்து முகப்பில் உட்கார்ந்துவிட்டார். அரியநாயகம்தான் முதல் போணி.

மறுநாள் சபையில் ராஜா கொதித்தார். "என்னைக் கேக்காம யார் திறக்கச் சொன்னது?"

"மகாராஜா அவசியம் வந்து பாக்கணும். ஆனா கொஞ்சம் ஓரமா நடக்கணும். கூட்டம் ஜாஸ்தி."

ராஜா வந்தார். மருதப்பனும் கூட வந்தார். வண்டிகள் போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள். யாரோ ராஜாவின் கையில் ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்தார்கள். அவர் அதைக் கடித்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தார்.

"இத்தனை பேரும் எங்கய்யா இருந்தாங்க?"

"இங்கேயேதான் இருந்தாங்க, மகாராஜா."

ராஜா மிச்சப் பிஞ்சையும் தின்று முடித்தார். "மலைச்சாலை நடக்கட்டும்" என்றார்.

அரியநாயகம் பாலத்தைத் தாண்டி நேராகக் குருவிடம் வந்தார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருக்கும்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் கல்லு. பேர் வெட்டணும்னு மருதப்பன் இன்னும் ஒத்தைக்கால்ல நிக்கறார். எனக்கும் ஆசை போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கல்லை என்ன பண்ணலாம்?"

"எவ்வளவு பெரிசு?"

"ஆள் நீளம் இருக்கும்."

"ரெண்டு கல்லை நட்டு, அதைப் படுக்க வெச்சிடுங்க. தோள் உசரம் இருந்தாப் போதும். கூடையை இறக்கவும் ஏத்தவும் பாவம், ஒவ்வொருத்தியும் ஆள் தேடறா. சுமைதாங்கியா இருக்கட்டும்."

அரியநாயகம் தலையாட்டினார்.

"சரிம்மா. பேரு?"

"மலைச்சாலைக்கும் நாலஞ்சு சுமைதாங்கி வேணும்" என்றார் குரு. "ஏத்தம் ஜாஸ்தி. கல்லுக்கு இப்பவே சொல்லி வெச்சிடுங்க."