பூனை தோண்டிப் பார்த்த வேர்

அந்தக் காலத்தில், பூனையும் செடியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட நாளில், குப்பைமேனி குப்பையில் முளைத்ததே இல்லை. அதன் பெயரும் வெறும் மேனிச்செடிதான். அங்காயி என்பவள் அதைத் தன் வாசலில், செம்பருத்திக்குப் பக்கத்தில், தண்ணீர் ஊற்றி வளர்த்துவந்தாள்.

அவள் வீட்டில் சாம்பி என்றொரு பூனை. அதைப் போன்ற சந்தேகப் பிராணியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பால் வைத்தால் ஏன் வைத்தாள் என்று யோசிக்கும். வைக்காவிட்டால் ஏன் வைக்கவில்லை என்று யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் பால் திரிந்துவிடும்.

சாம்பிக்கு ஒரே ஒரு குட்டி. அதற்குச் சொறி பிடித்தது. முடி கொட்டி, தோல் வெடித்து, பால் குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. பிழைக்காதோ என்று தாய் அதை நக்கி நக்கிப் பார்த்தது.

"என் இலைய உப்போட மென்னு, சாற குட்டி மேல தடவு. மொதல்ல எரியும், அப்புறம் சரியாயிடும்" என்றது மேனிச்செடி.

"அதுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

சாம்பியின் காது விறைத்தது. "மாடு பால் குடுத்தா புல்லு கேக்குது. நாய் காவல் காத்தா சோறு கேக்குது. நீ மட்டும் சும்மா குடுப்பியாக்கும்?"

"குட்டியப் பாத்தா பாவமா இருக்கு. அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல் சாம்பி இலையை மென்று தடவியது. குட்டி எரிச்சலில் வீறிட்டுக் கத்திவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது. அசையவே இல்லை.

'எரியும்னு முன்னாடியே சொன்னது எதுக்கு? நாளைக்குப் பழி வராம இருக்கத்தான்' என்று சாம்பி பல்லைக் கடித்தது. நேராகச் செடியிடம் ஓடி, அடியில் என்ன விஷத்தை ஒளித்து வைத்திருக்கிறது பார்ப்போம் என்று பறபறவென்று மண்ணைத் தோண்டியது. வேரோடு பிடுங்கி வெளியே போட்டது. விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல வாசனையுள்ள வெறும் வேர்தான் இருந்தது.

அப்போது பின்னாலிருந்து "பசிக்குதும்மா" என்று குரல் வந்தது. குட்டி எழுந்து நின்றது. அரிப்பு அடங்கியதில் அசந்து தூங்கியிருக்கிறது, பாவம்.

அதற்குள் அங்காயி, வாடிக் கிடந்த செடியை வாரிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டாள். சாம்பி அங்கே போய் அழுதது. அழுது என்ன செய்ய? செடி காய்ந்தே போய்விட்டது. ஆனால் உதிர்ந்த விதை மழைக்கு முளைத்தது.

"வாசலுக்கே வந்துடு. நான் காவல் இருக்கேன்" என்று கெஞ்சியது சாம்பி.

"வேண்டாம்மா. வாசல்ல நின்னு குடுத்தா ஏன் குடுக்குறன்னு கேப்பீங்க. குப்பையில நின்னா யாரும் கேக்க மாட்டாங்க. வேணுங்கிறவங்க பறிச்சுக்கட்டும்" என்றது செடி.

சாம்பி வெட்கம் தாங்காமல் அதன் காலடியில் விழுந்து புரண்டது.

அன்றிலிருந்துதான் முகப்பூச்சுக்கும் சோப்புக்கும் தேடுகிற குப்பைமேனி குப்பையில் வளர்கிறது. அதைக் கண்ட பூனையும் விழுந்து புரண்டு மன்னிப்புக் கேட்கிறது. கேட்டு முடித்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று, வேரை ஒருமுறை தோண்டியும் பார்த்துவிடுகிறது.