புதன்கிழமைக் கையெழுத்து

நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே சண்டை முடியவில்லை, தேர்தல் மட்டும் தவறாமல் வரும் என்று தெரிந்தால் போதும்.

திங்கட்கிழமை மாலை, சோதனைச்சாவடியில் ஞானாம்பிகையின் ஒரே மகன் நிரோசனை இராணுவம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. புதன் காலை அவள் மூன்றாம் முறையாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தாள். எந்த முறைப்பாட்டையும் மறுக்கக்கூடாது என்பது சட்டம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

"இந்த மாவட்டத்தில் காணாமற்போனவர் எவருமில்லை" என்று அமைச்சர் அந்த வாரம்தான் பாராளுமன்றத்தில் பேசியிருந்தார். அப்படியொரு முறைப்பாட்டை எழுதிய முந்தைய பொறுப்பதிகாரி இப்போது போர்முனையில் காவல் நிற்கிறார். புதியவருக்கு இரண்டு கைக்குழந்தைகள். அவர் எழுத மறுத்து எழுந்து போய்விட்டார்.

கான்ஸ்டபிள் அருள்ராசாவுக்கு மனம் கேட்கவில்லை. அடையாள அட்டை தொலைந்தது என்று எழுதினால் எந்த அமைச்சருக்கும் நோகாது. அதற்கென்று தனிப் புத்தகம் இருந்தது. அதற்கு மேலே சுவரில், 'அட்டைக்குரியவர் நேரில் வந்தால் மட்டுமே எழுதப்படும்' என்ற அறிவித்தலும் இருந்தது.

"அம்மா, மகன்ர அட்டை துலைஞ்சது எண்டு இண்டைய திகதியில எழுதிப்போட்டன். அவர் கையெழுத்து வைக்கிற இடத்தில நானே ஒரு கீறல் போடுறன். நீங்கள் சாட்சிக்குக் கையெழுத்து வையுங்கோ. பேராவது புத்தகத்தில ஏறட்டும்."

ஞானாம்பிகை பேனாவை வாங்கினாள். சுவரைப் பார்த்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் தம்பி."

"இதையும் விட்டால் உங்கட கையில ஒண்டும் இல்லையம்மா!"

அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

பிழைப்புக்காக மறுத்தவர், இரங்கிப் பொய் எழுதியவர், கிடைத்ததையும் தள்ளியவள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததே சரி. அட்டைக்குரியவர் நேரில் வந்தால்தான் அந்தப் புத்தகத்தில் எழுதலாம். அவள் கையெழுத்து வைத்திருந்தால், திங்கள் கொண்டுபோன பிள்ளை புதனன்று சுகமாக நடந்து வந்தான் என்று பெற்றவளே சாட்சி சொன்னதாகியிருக்கும். பிறகு எந்த நீதிமன்றத்தில் அவனைக் கேட்பது? பொறுப்பதிகாரி மூடியது ஒரு கதவைத்தான். அருள்ராசாவின் இரக்கம் எல்லாக் கதவுகளையும் மூடியிருக்கும். ஆனாலும் சரியாகச் செய்தவள்தான் அன்று வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.