இரண்டு விரல் இடம்

அந்தக் காலத்தில் குதிரை பேசும். அது பேசுவது மனிதர்களுக்குப் புரியவும் செய்யும். புரிந்தது என்பதால் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்காமல் இருக்கிற வித்தை மனிதருக்கு அப்போதே நன்றாகக் கைவந்திருந்தது.

பெரிய கண்மாய் ஒன்றின் கரையைக் காக்கிற வேலை சடச்சி என்ற பெண்ணிடம் இருந்தது. இந்தக் கரையில் நின்று பார்த்தால் எதிர்க் கரையில் மேய்கிற எருமை நாய்க்குட்டி அளவுக்குத்தான் தெரியும், அவ்வளவு பெரிய கண்மாய். மழைக்காலத்தில் அவள் கரையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். எங்காவது நீர் கசிந்தால், கீழே பள்ளத்தில் இருக்கிற கீழக்கொற்றி ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டிவர வேண்டும். நடந்து போனால் வெகுநேரம் ஆகிவிடும். குதிரையில் போனால் உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் போய்விடலாம். அதற்காகவே ஊரார் அவளுக்கு ஒரு பெட்டைக் குதிரையைக் கொடுத்திருந்தார்கள். சாம்பல் நிறம், மயிலை என்று பேர்.

சடச்சி நல்லவள்தான். தான் குடிக்கிற கஞ்சியில் பாதியை மயிலைக்கு ஊற்றுகிறவள். ஆனால் கட்டு என்று வந்துவிட்டால் முரடு. அவள் வீட்டில் எல்லோரும் பொதிமாடு ஓட்டிப் பிழைத்தவர்கள். பொதி சரியாமல் இருக்க வேண்டுமா? முழங்காலை மாட்டின் விலாவில் ஊன்று, பல்லைக் கடி, கயிற்றை இழு. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். குதிரையின் சேணத்தையும் அப்படியேதான் கட்டினாள். அதுவும் எதை வைத்து? கிணற்றில் நீர் இறைக்கிற நார்க்கயிற்றை வைத்து! முன்னங்காலுக்குப் பின்னால், தோல் மெல்லிசாக இருக்கிற மடிப்பில் அந்தக் கயிறு போய் உட்காரும். மயிலை எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் அங்கே அறுக்கும்.

"கயிறு அறுக்குது சடச்சி" என்றது மயிலை.

"சும்மா இரு. இறுக்காட்டி சேணம் நிக்காது."

மறுநாளும் சொன்னது. "ரொம்ப வலிக்குது சடச்சி."

"எனக்குந்தான் இடுப்பு வலிக்குது. நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

அதற்குப் பிறகு மயிலை சொல்வதையே விட்டுவிட்டது.

கரையோரம் ஒரு தேரை குடியிருந்தது. ஊர் விவகாரம் எதிலும் மூக்கை நுழைக்காமல் அதற்குப் பொழுது போகாது. அது மயிலையைக் கூப்பிட்டுச் சொன்னது:

"பாம்பு கவ்வ வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? வயித்தை உப்பிக்கிடுவேன். வாய்க்குள்ள போகமாட்டேன். அது சலிச்சுப்போயி விட்டுட்டுப் போயிரும். நீயும் உப்பிக்க. அவ கட்டி முடிச்சதும் மூச்சை விட்டுரு. கயிறு தொளதொளன்னு கிடக்கும்."

மறுநாள் காலையில் சடச்சி கயிற்றை எடுத்ததும் மயிலை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது.

"என்னடி, தின்னு கொழுத்திட்டியா?" என்றபடியே அவள் கட்டி முடித்தாள். நாலடி போவதற்குள் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பிடரி மயிரைப் பிடித்துத் தப்பித்தாள். ஏன் சரிந்தது என்று யோசித்தாளா? இல்லை. இறுக்கியது போதவில்லை என்று முடிவு கட்டினாள். அடுத்த நாள் இன்னும் இறுக்கினாள். மயிலை இன்னும் உப்பியது. இப்படி இரண்டு பேரும் வாய் திறந்து பேசாமல் ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள். சேணமும் நிற்கவில்லை, புண்ணும் ஆறவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் மதியம் மழை விட்டு வானம் கொஞ்சம் வெறித்தபோது சடச்சி கரையடியில் கசிவைப் பார்த்தாள். தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. வந்ததோ கலங்கிய செந்நீர். கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் தண்டியில் வந்த நீர் மணிக்கட்டுத் தண்டிக்குப் பெருத்தது.

கரை உடைந்தால் முதலில் போவது கீழக்கொற்றி. அங்கேதான் அவள் அக்கா பொட்டியம்மாள் இருந்தாள். பிள்ளை பெற்று எட்டே நாள்தான் ஆகியிருந்தது.

சடச்சி ஓடிவந்து சேணத்தைப் போட்டு, முழங்காலை ஊன்றி, கயிற்றை இழுத்துக் கட்டினாள். மயிலையும் வழக்கம்போல உப்பிக்கொண்டது. பாதி வழியில், ஒற்றைப் பனை நிற்கிற திருப்பத்தில், சேணம் உருண்டு குதிரையின் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. சடச்சி சேற்றில் விழுந்தாள். இடது கையைத் தூக்க முடியவில்லை.

மயிலை நின்றது. கடிவாளத்தைப் பிடிக்க ஆளில்லை. கயிறு தளர்ந்து தொங்கியது. ஒரு உதறு உதறினால் சேணமும் போய்விடும், புண்ணும் ஆறிவிடும், எதிரே வெட்டவெளி. அது இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டது.

சடச்சி திட்டவில்லை. எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கீழக்கொற்றிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். சறுக்கி விழுந்தாள். மறுபடி எழுந்தாள். "அக்கா, அக்கா" என்று அழுதுகொண்டே போனாள்.

மயிலைக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்து அவள் முன்னால் வழி மறித்து நின்றது.

"நான்தான் சடச்சி. நீ கட்டுறப்ப வயித்தை உப்பிக்கிட்டேன். அதான் உருண்டுச்சு."

"அடிப் பாவி! அங்க பச்சை உடம்புக்காரி கிடக்கா. ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"உங்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."

சடச்சி குனிந்து அதன் முன்னங்காலுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் அங்கே பார்த்தது அதுதான் முதல் தடவை. கயிறு பதிந்த இடம் சிவந்து, தோலுரிந்து கிடந்தது. அழுவதற்கு இப்போது நேரமில்லை. சேணத்தை மறுபடி முதுகில் ஏற்றினாள். தலையில் மழைக்குப் போட்டிருந்த துணியை உருவி, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையாக மடித்தாள். புண்ணை விட்டு நான்கு விரல் பின்னால் தள்ளி அந்தப் பட்டையை வைத்து, அதன் மேல் கயிற்றைக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரு கையாலும் பல்லாலும்தான்.

"மூச்சை விடு" என்றாள்.

"மொதல்ல நீ முழங்காலை எடு" என்றது மயிலை.

எடுத்தாள். அதுவும் விட்டது.

"இங்க அறுக்குதா?"

"இல்ல."

பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். "இம்புட்டு இடம் போதுமா?"

"போதும்."

"ஒரு பத்தடி நட பாப்போம்."

நடந்ததில் பட்டை நன்றாகப் படிந்து உட்கார்ந்து, கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அந்தத் தளர்ச்சியை மட்டும் மெல்ல இழுத்து முடிந்து, மறுபடி இரண்டு விரல் விட்டுப் பார்த்த பிறகே ஏறினாள். மயிலை அன்று ஓடிய ஓட்டம் அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை. சேணம் ஓர் இம்மிகூட அசையவில்லை.

கீழக்கொற்றியே வைக்கோல் பிரியும் மண் கூடையுமாகக் கிளம்பி ஓடியது. பொழுது இறங்குவதற்குள் கசிவை அடைத்துவிட்டார்கள். பொட்டியம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தங்கையின் கைக்குக் கட்டுப் போட்டாள். பிறகு தன் பழைய நூல்சேலைகளைக் கிழித்துப் பின்னி, மெத்தென்று அகலமாக ஒரு பட்டை செய்து மயிலைக்குக் கொடுத்தாள். கிணற்றுக் கயிறு கிணற்றுக்கே போனது. மாசி வருவதற்குள் புண் இருந்த இடத்தில் மயிர் முளைத்துவிட்டது.

"இனிமே நீ சொல்லாட்டியும் நானாக் கேப்பேன்" என்று சடச்சி சொல்லியிருந்தாள்.

பிறகு ஒரு நாள் விலங்குகளுக்குப் பேச்சு நின்றுபோனது. கேட்க ஆளில்லாமல் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். அன்று காலை சடச்சி பட்டையோடு வந்தாள். மயிலை வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. என்ன செய்யும், பாவம்? மூச்சை இழுத்து வயிற்றை உப்பியது.

சடச்சி அதன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, பட்டையை வயிற்றில் வைத்து, அதற்குள் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினாள். "மறக்கலடி" என்றாள். மயிலை பெருமூச்சு விட்டு வயிற்றை இறக்கியது.

பேச்சு போன மற்றக் குதிரைகளும் சேணம் கட்டும்போது இப்படி வயிற்றை உப்பிக் கேட்கத் தொடங்கியது அன்று முதல்தான். குதிரையை அறிந்தவர்கள் அதற்காக அதை அடிப்பதில்லை. பத்தடி நடத்திவிட்டு, இரண்டு விரலால் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.