சத்தம் கேட்டுத் தீட்டிய கத்தி

கிட்ட வந்து உட்காருங்கள், பெரியவர்களும்தான். சேவல் கூவினால் விடிந்தது, ராஜா கொட்டாவி விட்டால் இருட்டியது என்று நெடுங்கரை நாட்டார் நாளைக் கழித்த காலத்தில், வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு முகம் மழித்த அரண்மனை நாவிதன் பெயர் சடையாண்டி.

சடையாண்டி கத்தி வைத்தால் மந்திரி தூங்குவார். சேனாதிபதி தூங்குவார். ராஜாவே தூங்கிப்போவான். ஈ நடந்தால்கூடத் தெரியும், அவன் கத்தி நடந்தால் தெரியாது என்பார்கள்.

அந்தக் கத்தியைத் தீட்டியது அவனில்லை, அவன் மனைவி ஆவுடைத்தாய். விடியும் முன்னே எழுந்து, வாசல் வேம்பில் எருமைத்தோல் வாரை மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துத் தீட்டுவாள். அவன் உள்ளே பாயில் புரண்டபடி கேட்டுக்கொண்டிருப்பான். சட், சட், சட் என்று சத்தம் வரும். பிறகு அமைதியாகிவிடும். அதற்குள் மறுபடி தூங்கிவிடுவான். ஒரு நாளாவது எழுந்து வந்து பார்த்ததில்லை.

ஒரு திருநாளில் ராஜா அவனுக்குச் சபையில் பட்டுச் சால்வை போர்த்தினான்.

"சடையாண்டி, இந்தக் கத்தியை யார் தீட்டுகிறார்கள்?"

கேள்வி சாதாரணக் கேள்விதான். ஆனால் சபை முழுக்க அவனையே பார்த்தது. பட்டு தோளில் குளுகுளுவென்று இருந்தது.

"நானேதான் மகாராஜா. வேறு யார் கை படவும் விடமாட்டேன்."

பெண்கள் நின்ற வரிசையில் ஆவுடைத்தாயும் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள். மறுநாள் விடிந்தபோது மரத்தில் வார் தொங்கியது, கத்தி பெட்டியிலேயே கிடந்தது.

"ஆவுடை, கத்தி?"

"வேறு யார் கையும் படக்கூடாது என்றீர்களே. சபையே கேட்டது. நான் தொட்டு உங்களுக்குக் கெட்ட பேர் வரணுமா?"

'தப்புதான், தீட்டிக் கொடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாள். கொடுப்பாள் என்று அவனுக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

அவனுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும். சட், சட், சட் என்று வாரில் கத்தியை அடித்தான். சத்தம் அச்சு அசலாக வந்தது. கூர் முன்னால் போய் வாரைக் கீறியது. மகிழ்ச்சியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

முதலில் மந்திரி. கன்னத்தில் கத்தி பட்டதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "தண்ணீர் உப்பாக இருக்கிறது ஐயா" என்றான் சடையாண்டி.

அடுத்தது சேனாதிபதி. "ஏனப்பா, மழிக்கிறாயா, கோழிக்கு இறகு பிடுங்குகிறாயா?" என்றார் அவர். "உங்கள் தாடி வீரத் தாடி ஐயா, இரும்பு மாதிரி" என்றான்.

மூன்றாவதாக ராஜா. தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. கோட்டிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைத் துண்டில் விழுந்தது.

நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் முகத்தில் ரத்தம் கண்டால், கத்தியைக் கெடுத்தவர் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும். திரும்பி வரக் கூடாது. அது சடையாண்டிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவன் வாய் முந்திக்கொண்டது.

"என் மனைவி இன்றைக்குக் கத்தியைத் தொட்டுவிட்டாள் மகாராஜா."

சொல்லி முடித்ததும் அவனுக்கு நாக்கு கசந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இரண்டு நாள் கழித்துச் சபை கூடியது. ஆவுடைத்தாயைக் கூட்டி வந்தார்கள். மாற்றுப்புடவையை ஒரு மூட்டையாகக் கட்டி அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் புருஷன் சொல்வது உண்மையா?" என்று ராஜா கேட்டான்.

"அன்றைக்கு ஒரு நாள்தான் மகாராஜா நான் தொடவில்லை."

சபையில் சலசலப்பு. ராஜா மழுங்கிய கத்திகள் இரண்டு வரவழைத்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. தூணில் வாரைக் கட்டச் சொன்னான்.

சடையாண்டி சட் சட்டென்று அடித்தான். சபை தலையாட்டியது. வேலை என்றால் சத்தம் வர வேண்டாமா?

ஆவுடைத்தாய் முதலில் உள்ளங்கையால் வாரைத் தட்டினாள். சட், சட், சட். தூசி பறந்தது. வார் சூடேற உள்ளங்கையால் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தாள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுத்தாள். வாரின் முனை வந்ததும் கத்தியைத் தூக்கவில்லை, முதுகின் மேலேயே புரட்டித் திரும்பினாள். அழுத்தவில்லை. சத்தமும் இல்லை.

சடையாண்டி அப்போதுதான் முதன்முறையாக அதைப் பார்த்தான். பாயில் படுத்து இத்தனை காலம் கேட்டது தூசி தட்டிய சத்தம். அவன் காது சூடாகியது.

இரண்டு கத்திகளும் தட்டில் வந்தன. ராஜா அவற்றைத் தொடவே இல்லை.

"தீர்ப்பு இருக்கட்டும். அரண்மனை நாவிதன் இப்படித் தாடியோடு நிற்பது எனக்கு அழகில்லை. சடையாண்டி, முதலில் நீ மழித்துக்கொள்."

உண்மைதான். பயத்தில் அவன் தன் முகத்தில் கத்தியே வைக்கவில்லை. தண்ணீர் தொட்டுத் தாடையையும் கழுத்தையும் நனைத்தான், அண்ணாந்தான், தட்டில் கையை நீட்டினான். கை தன் கத்தியைத் தாண்டிப் போய் அவள் கத்தியை எடுத்தது.

"ஏன் அந்தக் கத்தி?" என்றான் ராஜா.

சபையில் யாரும் சிரிக்கவில்லை. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கெடுத்தவன் நான்தான்" என்றான் கடைசியில். "தீட்டியவள் எப்போதும் அவள்தான். நான் போகிறேன் மகாராஜா."

ராஜா ஆவுடைத்தாயைப் பார்த்தான். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"இவரை அனுப்பினால் போகிற ஊரில் யார் கழுத்தை அறுப்பாரோ. அந்தப் பாவம் நமக்கு எதற்கு? இங்கேயே இருக்கட்டும். தீட்டக் கற்றுக்கொள்ளும்வரை யார் முகத்தையும் தொட வேண்டாம்."

இப்போது சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சரி" என்றான் ராஜா. "அதுவரை நான் தாடி வளர்க்கிறேன்."

வாசல் மரத்தடியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, சடையாண்டி பழகினான். கூர் இல்லாத தகட்டை முதலில் கொடுத்தாள். "அழுத்தாதீங்க. வார் என்ன உங்களுக்கு எதிரியா?" என்பாள். "தூக்காதீங்க, புரட்டுங்க" என்பாள். "அவசரம் எதற்கு, ராஜாவுக்கே அவசரமில்லை" என்பாள்.

"என்ன சடையாண்டி, அரிச்சுவடி எந்த எழுத்துவரை வந்திருக்கிறது?" என்று தெரு கேட்டது. அவன் நிமிரவில்லை. அவன் கீறிவைத்த கீறல்கள் வாரில் இருந்தன, ஒவ்வொரு இழுப்பிலும் கத்தி அவற்றைத் தாண்டிப் போயிற்று.

ராஜாவின் தாடி கழுத்தை மறைத்தது. பிறகு மார்பைத் தொட்டது. வீதியில் ராஜா உலா வந்தால் ஜனங்கள் தாடியைப் பார்த்துவிட்டுச் சடையாண்டியைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் ஆவுடைத்தாய் கத்தியை வாங்கி, தன் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தாள். மயிர் தானாக உதிர்ந்தது. "போய் வாங்க" என்றாள்.

பாதித் தாடி போவதற்குள் ராஜா குறட்டை விட்டான்.

சடையாண்டி வீடு திரும்பி, "ராஜா தூங்கிவிட்டார்" என்றான்.

"சரி. கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்க."

அவள் தன்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க நினைத்தான். அந்த மூட்டையைக் கட்டும்போது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நினைத்ததும் துணியைக் கையில் எடுத்தான். கத்தியைத் துடைத்தான். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தான்.

அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் சொல்லிக்கொண்டவன் பின்னால் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம், பட்ட வெட்கத்தை மட்டும் கழுவிக்கொள்ள முடியாது.