இருபத்தோராவது இடம்

தில்லைநாயகத்துக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் பிரகாசி. சிப்பிவலசைக் கடலில் பாசி எடுப்பவள். விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, பாறைகளுக்கு நடுவே மூழ்கி மூழ்கி எழும் பெண்களில் ஒருத்தி. ஐந்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றுபோனது.

தில்லைநாயகம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் வீடு. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை. ஒரு பைனாகுலரும் பறவைப் புத்தகமும் வாங்கிக்கொண்டு கடற்கரை கடற்கரையாக அலைய ஆரம்பித்தார்.

ஒரு மார்கழிக் காலையில் ஈர மணலில் சின்னச் சின்னப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் புத்தகத்தைப் புரட்டுவதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தார். பாசி மூட்டையோடு கரையேறிய பிரகாசி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன தேடுறீங்க?"

"அதுங்க பேரு என்னன்னு பாக்குறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"புத்தகத்தை மூடுங்க. காலைப் பாருங்க. ஓடி ஓடி நின்னா உப்புக்கொத்தி. நிக்காமக் குத்திக்கிட்டே போனா உள்ளான்."

அவர் பார்த்தார். ஒன்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. இன்னொன்று தலையைத் தூக்காமல் மணலைக் குத்திக்கொண்டே போனது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றார்.

அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை வந்தார். அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். முதலில் விளையாட்டுக்கு, பிறகு நிஜமாகவே. அவள் கூச்சப்பட்டுப் பார்த்தாள், ஒருமுறை கோபப்பட்டும் பார்த்தாள். அவர் மாற்றவில்லை.

நான்கு வருடத்தில் இருபது இடங்களைக் காட்டினாள். பூநாரைகள் இறங்கும் பழைய உப்பளம். ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றுவெளி. அலையாத்திக் காட்டுக்குள் வள்ளம் மட்டும் நுழையும் ஓடை. மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டைகூட அதில் ஒன்று. எந்த மாதம், எந்த நேரம், எங்கே நிற்க வேண்டும், எல்லாம் சொன்னாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான்காம் வருடம் சித்திரையில் ஒருநாள் அவளே சொன்னாள்.

"நாளைக்குக் கடல் வத்தும். வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தார்கள். கடலுக்குள் ஒரு மணல்திட்டு வெள்ளையாகக் கிடந்தது. அதைத் தொடும் முன்னாலேயே அவள் நின்றுவிட்டாள்.

"மேல ஏறாதீங்க. இங்கேருந்தே பாருங்க."

"ஒண்ணும் இல்லையே, டீச்சர்."

"பாருங்க."

மணல். சிப்பி ஓடுகள். காய்ந்த பாசி. கொஞ்ச நேரம் கழித்து மணலில் ஒரு பகுதி தலையைத் திருப்பியது. மீன் பிடிக்கும் கடற்பறவையான ஆலா ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழகத் திட்டு முழுக்க ஆலாக்கள். கூடு என்று எதுவும் இல்லை. வெறும் மணலில், மணல் நிறத்திலேயே முட்டைகள்.

"வெயில் ஏறுச்சுன்னா கடல்ல போயி வயித்து இறகை நனைச்சிக்கிட்டு ஓடியாரும். அந்த ஈரத்தோட முட்டை மேல உக்காரும். அவியாம இருக்கணும்ல."

தில்லைநாயகம் பைனாகுலரை இறக்கினார். அதற்குமேல் அதில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

நான்கைந்து ஆலாக்கள் எழும்பி அவர்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"போங்கங்குது. போயிருவோம்."

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க அவர் மதுரை வீட்டில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார். அந்தக் கடலோரத்தில் பறவை பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம். ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடம், வழி, நேரம், பறவைகளின் பெயர். முடித்ததும் சிப்பிவலசைக்கு வந்து அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் பாசியை வெயிலில் பரப்பியபடியே கேட்டாள்.

"திட்டு இதுல இருக்கா?"

"இன்னும் போடல."

"அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, சார்."

"சொல்ல மாட்டேன், டீச்சர்."

அன்றைக்கு அவர் மனதாரத்தான் சொன்னார்.

மாசி மாதம் அந்தப் பக்கம் வெளியானது. அதில் இருபத்தோரு இடங்கள் இருந்தன.

மே மாத விடுமுறையில் ஒரு கூட்டம் வந்தது. ஆறேழு கார்கள். கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துத் திட்டுக்கு நடந்தார்கள். நேரமும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. காலை ஒன்பது மணிக்குத் திட்டின்மேல் ஏறினார்கள். பெரிய பெரிய கேமராக்கள். ஒருவர் டிரோன் பறக்கவிட்டார்.

பிரகாசி தூரத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இறங்குங்க! கீழ முட்டை கிடக்கு, இறங்குங்க!"

"தெரியும்மா. மிதிக்காமத்தான் நிக்கிறோம்."

"நீங்க நின்னா அது உக்காராது. வெயிலைப் பாருங்கய்யா!"

"கோவிச்சுக்காதீங்க. நாங்க பறவைகளைக் காப்பாத்துறவங்கதான்."

ஒருவர் தன் போனைக் காட்டினார். பக்கத்தின் மேலே தில்லைநாயகத்தின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் தண்ணீர் சொட்ட நிற்கும் பிரகாசியை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணிவரை இருந்தார்கள். அதுவரை ஆலாக்கள் வானத்திலேயே இருந்தன. அவர்கள் சாப்பிட்டுப் போட்ட பொட்டலங்களின் வாசனைக்குச் சாயங்காலம் நாய்கள் வந்தன. நாய்களுக்கு அதுவரை அந்தத் திட்டுக்கு வழி தெரியாது.

பிரகாசி அவருக்குப் போன் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருக்குச் செய்தி நன்றியாக வந்தது. "வாழ்நாள் அனுபவம், ஐயா" என்று எழுதிப் படங்களை அனுப்பியிருந்தார்கள். வானம் நிறைய இறகுகள். ஒரு படத்தின் ஓரத்தில் யாருடைய ஷூவோ தெரிந்தது. அதற்கு அரை அடி தள்ளி இரண்டு முட்டைகள். அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு படம் எடுத்த நேரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார்.

பிரகாசி கரையில் உட்கார்ந்து பாசியிலிருந்து சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், எல்லாமே போச்சா?"

அவள் எழுந்து கடலில் இறங்கினாள். அவர் பின்னால் போனார்.

உச்சி வெயில். இந்த முறை அவள் திட்டின் ஓரத்தில் நிற்கவில்லை. நேராக மேலே ஏறினாள். அவர் தயங்கினார்.

"ஏறுங்க. இப்ப ஏறலாம்."

திட்டில் ஒரு பறவையும் இல்லை. முட்டைகள் இருந்தன. சில உடைந்திருந்தன. பாதிக்கு மேல் கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கிடந்தன. அவர் குனிந்து ஒன்றைத் தொட்டார். சுட்டது.

"செருப்பைக் கழட்டுங்க, சார்."

கழற்றினார்.

"நில்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இருபதுகூட எண்ணியிருக்க முடியாது. ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றதை. பிறகு ஈர மணலுக்கு ஓடினார்.

"முட்டைக்குக் கால் இல்ல" என்றாள் பிரகாசி.



"உங்க போன்ல இருக்குல்ல? இந்த இடத்தைப் பத்தி எழுதினதைப் படிங்க."

"வேணாம், டீச்சர்."

"படிங்க."

அவர் போனை எடுத்தார். படித்தார்.

"'நாம் திட்டை நெருங்கும்போது நூற்றுக்கணக்கான ஆலாக்கள் ஒரே நேரத்தில் மேலெழுந்து, தலைக்கு மேல் வட்டமிட்டு நம்மை வரவேற்கும்.'"

"அது என்ன சொல்லுதுன்னு அன்னிக்கு நான் உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னீங்க."

"பெறகு?"

"படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு…"

பிரகாசி குனிந்து உடையாத முட்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"புயலடிச்ச வருசம் கடலுக்குப் போக முடியல. வீட்டுல ஒண்ணுமில்ல. எங்கம்மா இதுல நாலு எடுத்துட்டுப் போயி எங்களுக்கு அவிச்சுக் குடுத்தா. எங்க பசி தீந்துச்சு. இம்புட்டும் யாரு பசிக்குப் போச்சு, சார்?"

தில்லைநாயகம் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் கெட்ட எண்ணத்துல செய்யல, டீச்சர். முப்பது வருஷத்துக்கு முந்தி இந்தக் கரையை அளந்தது நான்தான். பதிவேட்டுல இந்தத் திட்டுக்கு நேரா 'தரிசு, உபயோகமற்றது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்க காட்டின அன்னிக்கு அது ஞாபகம் வந்துச்சு. தரிசுன்னு இருக்கிற நிலத்தை எவனாச்சும் கேட்டு வாங்கிடுவான். இறால் பண்ணை போடுவான், ரோடு போடுவான். நாலு பேருக்குத் தெரிஞ்சா காப்பாத்த நாலு பேர் வருவாங்கன்னு நினைச்சேன். நான் எழுதின தப்பை நானே திருத்தணும்னு நினைச்சேன்."

"உபயோகமில்லன்னு எழுதிட்டுப் போனீங்களே, அதுக்கப்புறம் யாராச்சும் வந்தாங்களா?"

அவர் யோசித்தார்.

"இல்ல."

"முப்பது வருசம் ஒருத்தனும் வரல. திருத்தினீங்க. வந்துட்டாங்க."

அவர் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது. கவனிக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை நேத்தே எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள எல்லாரும் எடுத்து எடுத்துப் போட்டுட்டாங்க. என் பேரு இல்லாமகூடச் சுத்துது. நிறுத்த முடியல."

பிரகாசி முட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

தூரத்தில், கிழக்கே, இரண்டு ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்துகொண்டிருந்தன. ஒன்றின் அலகில் மீன் மின்னியது. அவை திட்டின் பக்கம் திரும்பவில்லை. ஏதோ ஓர் இடத்தைக் குறிவைத்து நேராகப் போயின.

தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

"டீச்சர், அது மீனைத் தின்னல. எடுத்துட்டுப் போகுது. வேற எங்கயோ மறுபடி முட்டை போட்டிருக்கு!"

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவருடைய கை தானாகவே சட்டைப் பையிலிருந்த நோட்டுக்குப் போயிருந்தது. கையைக் கீழே இறக்கினார். அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் ஏற ஆரம்பித்திருந்தது. அவள் திட்டிலிருந்து இறங்கினாள். அவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிதூரம் நடந்தார்கள். தண்ணீர் இப்போது தொடைவரை வந்தது.

"டீச்சர்."

அவள் திரும்பவில்லை.

"நாலு வருஷத்துல நீங்க என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க. யாருக்கும் சொல்லாதீங்கன்னு. அந்த ஒண்ணைக்கூட என்னால காப்பாத்த முடியல. என்னை மன்னிக்க முடியுமா?"

பிரகாசி நின்றாள். தண்ணீர் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு கரையைப் பார்த்துப் போனது.

"எட்டு வயசுல எங்கம்மா என்னை அங்க கூட்டிட்டுப் போனா, சார். அவளும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. யாருக்கும் காட்டாதடின்னு."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"கட்டிக்கிட்டவனுக்குக் காட்டல. பெத்த மகளுக்குக் காட்டல. உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."