அரசியின் திராட்சைக் கொடி

மலையடிவாரத்தில் குளிரோடை நாடு என்று ஒன்று இருந்த காலம். மாவேலன் என்கிற ராஜா அதை ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியாது. காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பான், மாலையில் அதே ஆளைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவான்.

அவனுடைய அரசி அல்லியங்கோதை கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து ஒரு திராட்சைக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அரண்மனைக் கொல்லையில் அதை நட்டுப் பந்தல் போட்டு வளர்த்தாள். சித்திரை வந்தால் குலை குலையாய்த் தேனாகப் பழுக்கும். அந்த அரசி காய்ச்சலில் இறந்துபோனாள். துக்கத்தில் ராஜா ஓர் ஆணை போட்டான்: "அவள் வைத்த கொடியில் கத்தி படக் கூடாது. மீறினால் அந்தக் கையை வெட்டுவேன்!"

கத்தி படாத கொடி காடாய் மண்டியது. எங்கே பார்த்தாலும் இலை. அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் காய்த்ததும் வாயில் வைத்தால் முகம் கோணும். அரசியின் திதிக்கு அதைப் படைத்தார்கள். ஒன்றை எடுத்துத் தின்ற ராஜா துப்பிவிட்டான்.

"அடுத்த திதிக்கு இதே கொடியில் இனிக்கிற பழம் வேண்டும்" என்று சபையில் உறுமினான். கத்தியும் படக் கூடாதாம், பழமும் இனிக்க வேண்டுமாம்! அவனிடம் போய் யார் சொல்வது?

ஒரு மார்கழிக் காலையில் அமைச்சர் விடங்கர் தாமே கத்தியோடு கொல்லைக்குப் போனார். பந்தலின் கிழக்குப் பாதியில் கொடியைக் கழித்துத் தள்ளினார். மொட்டைக் குச்சிகள்தான் மிஞ்சின. மேற்குப் பாதியில் கை வைக்கும்போது, "ஐயோ, கொலை!" என்று பின்னால் ஒரு கூச்சல். அரண்மனை அதிகாரி நம்பிராயன். அமைச்சர் பதவிமேல் அவனுக்கு நெடுநாளாய் ஒரு கண்.

சபை கூடியது.

"மன்னா, அரசியாரை இவர் இரண்டாம் முறை கொன்றுவிட்டார்!" என்றான் நம்பிராயன்.

ராஜாவின் முகம் கறுத்தது. "விடங்கரே, நீரா வெட்டினீர்?"

"நான்தான் அரசே. இனிக்கிற பழம் கேட்டீர்கள். அதற்கு வேறு வழி இல்லை."

"என் ஆணை என்ன ஆனது?"

"அதற்கு இந்தக் கை இருக்கிறது. திதி வரைக்கும் மட்டும் விட்டு வையுங்கள். வெட்டிய பாதியை நான் வளர்க்கிறேன். வெட்டாத பாதியை நம்பிராயர் வளர்க்கட்டும். அவர் பக்கம் இனித்தால் என் கையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"கையோடு பதவியும் போக வேண்டும்!" என்று குறுக்கே விழுந்தான் நம்பிராயன். அப்படியே ஆகட்டும் என்றான் ராஜா.

விடங்கருக்குப் பயம் இல்லாமல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசையாமல் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தையில் அவர் பக்கம் துளிர்த்தது, பிறகு பூத்தது, பிஞ்சு இறங்கியது. நம்பிராயன் பக்கமோ பழையபடி இலைக்காடு.

திதி நெருங்கியது. நம்பிராயன் பக்கத்து நாட்டுக்கு ஆள் அனுப்பி நல்ல பழக்குலைகளாய் வாங்கி வரச் சொன்னான். யாரும் பார்க்காதபோது அவற்றை நாரால் கொடியில் கட்டி, முடிச்சு தெரியாமல் இலையால் மறைத்தான். பிறகு ராஜாவைக் கையோடு கூட்டி வந்தான். ராஜா ஒரு பழத்தைத் தின்று பார்த்தான். நல்ல இனிப்பு. விடங்கரின் குலைகளோ இன்னும் முழுக்கப் பழுக்கவில்லை.

"தோற்றீர் விடங்கரே" என்றான் ராஜா.

விடங்கர் அண்ணாந்து பார்த்தார். திராட்சை புதிதாய் விட்ட பச்சைத் துளிரில்தான் காய்க்கும். நம்பிராயனின் குலைகளோ கட்டைவிரல் பருமனான பழைய கட்டையில் தொங்கின. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் அதைச் சொல்லாமல் கைகூப்பினார்.

"தோற்றேன் அரசே. ஒரே ஒரு விண்ணப்பம். திதிக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அன்று காலையில் பறித்துப் படைப்பதுதானே அரசியாருக்கு மரியாதை? அதுவரை குலைகள் கொடியிலேயே இருக்கட்டும். உங்கள் மெய்க்காவலர்கள் காவல் நிற்கட்டும்."

நம்பிராயனுக்கு வியர்த்துக் கொட்டியது. "வேண்டாம் மன்னா, இன்றே பறித்துவிடலாம்! அணில் கடிக்கும்."

"வலை கட்டலாம்" என்றார் விடங்கர்.

"மழை வந்தால்?"

"சித்திரை வெயிலிலா?"

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கொடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திதியன்று காலை கிழக்குப் பக்கம் குலைகள் கனிந்து கனத்துத் தொங்கின. மேற்குப் பக்கம் காம்பு கறுத்து, பழம் சுருங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ராஜா ஒரு குலையைப் பிடித்து இழுத்தான். நாரோடு கையில் வந்தது.

"என் மனைவியின் திதியிலேயா இந்தப் பித்தலாட்டம்?" என்று மெதுவாகத்தான் கேட்டான். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். "உன் பதவி இன்றோடு போயிற்று. கட்டியது நீ, ஏறி அவிழ்ப்பதும் நீ."

பட்டுத் தலைப்பாகையோடு நம்பிராயன் ஏணியில் ஏறி, எல்லோரும் பார்க்க முடிச்சு முடிச்சாய் அவிழ்த்தான்.

விடங்கரின் பழத்தைப் படைத்தார்கள். ராஜா ஒன்றைத் தின்றான். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி, வெட்டுவதாகச் சொன்ன அதே கையில் போட்டுவிட்டான். "வெட்டினால்தான் இனிக்கும் என்று உமக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை அரசே. மார்கழிதோறும் அரசியாரே வெட்டுவார். நான் ஏணியைப் பிடித்திருக்கிறேன். நீங்கள் அப்போது எல்லைப் போரில் இருப்பீர்கள். திரும்பி வரும்போது பழம் இருக்கும்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கை தப்புவதற்காக இறந்தவர் பெயரில் கதை கட்டுகிறேன் என்பார் நம்பிராயர். நீங்களும் நம்பியிருப்பீர்கள்."



அடுத்த மார்கழியிலும் அவன் எல்லைக்குப் போகவில்லை. கத்தியோடு ஏணியில் ஏறி மேற்குப் பாதியைத் தானே வெட்டினான். வெட்டிய இடத்திலிருந்து நீர் சொட்டியது. பதறிப்போனான்.

"விடங்கரே, இது அழுகிறதே!"

"அழட்டும் அரசே. சில நாள் அழும். அப்புறம் துளிர்க்கும்."

அரசியைச் சிதையில் வைத்த அன்றுகூடக் கண் கலங்காத ராஜா, ஏணியில் நின்றபடியே வாய்விட்டு அழுதான். அவன் இறங்குகிற வரைக்கும் விடங்கர் ஏணியை விடவில்லை.