டீச்சர் ஏறாத வண்டி

எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. டீ போடத் தெரியும், தேங்காய் பன் சுடத் தெரியும். பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோட்டில் என் பேக்கரி. எதிர்ச்சாரியில் நாச்சியம்மாள் மேஸ்திரியின் டீசல் பட்டறை. டீ கொடுக்கப் போகிற சாக்கில் நான் பார்த்ததும் கேட்டதும்தான் இது.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில், டெம்போவுக்குப் பின்னால் கயிறு கட்டி ஒரு வண்டியை இழுத்து வந்தார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தி, பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்டு, பின்னால் இரண்டு மடங்கு அகலத்துக்கு டயர் மாட்டியிருந்த வண்டி. எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி வைத்திருந்த அமெரிக்கக் காராம். கூடவே இறங்கியவர் ரகுபதி. கோயமுத்தூரில் முப்பது வருஷம் ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் கட்டியவர். இப்போது வீடு பல்லடத்தில். வயது ஐம்பத்து மூன்று. மேஸ்திரிக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

“இதுக்கு டீசல் இன்ஜின் போடணும் அம்மிணி,” என்றார் ரகுபதி.

“இருக்கற இன்ஜினுக்கு என்னங்ணா?”

“அது நல்லாத்தான் ஓடுது. ஆனா லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்தான் குடுக்கும். நாலு நிமிஷம் நின்னா கொதிச்சிரும், அதான் கயிறு கட்டி வந்தேன். எனக்கு இதைத் தினமும் ஓட்டணும்.”

“தினமும் எங்கீங்க?”

“வீட்டுக்காரி டீச்சர். இங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர்ல பள்ளிக்கூடம். காலைல கொண்டு போய் விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வரணும்.”

“ஓட்டணுங்களா, கூட்டிட்டுப் போகணுங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டார்.

கதை பிறகுதான் வெளியே வந்தது. ஜனவரியில் ஒரே ஒரு நாள் டீச்சரை அந்த வண்டியில் ஏற்றியிருக்கிறார். வழியில் மூன்று இடத்தில் கொதித்து நின்றது. அன்றைக்கென்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். டீச்சர் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார், சேலையெல்லாம் பெட்ரோல் வாடையோடு. அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. பழையபடி இரண்டு பஸ் மாறிப் போகிறார். முட்டி வலி வேறு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

“சின்னதா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிப் போட்டா தீர்ந்தது கதை. இதுக்குப் போயி இத்தனை பாடா?” என்று நான் வாயை விட்டேன்.

ரகுபதி என்னை முறைத்தார். “முப்பது வருஷம் ஊரான் வண்டிக்கே உழைச்சுப்போட்டேன். எனக்குன்னு கட்டினது இது ஒண்ணுதான். இதுல அவளை உக்கார வைக்காம எனக்கு மனசு ஆறாது,” என்றார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே வத்சலா டீச்சர் பட்டறைக்கு வந்தார். பஸ்ஸில்தான் வந்தார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாரு கண்ணு, வண்டி ரெடின்னு அவர் சொன்னா நான் ஏற மாட்டேன். அவருக்கு எல்லாமே எப்பவுமே ரெடிதான். நீ சொல்லு, ஏறுறேன்.”

“சரிங்க்கா.”

“ஜூன் மூணாந்தேதி திறக்கறாங்க. அதுக்குள்ள சொல்லலைன்னா நான் ரூமுக்குப் போயிருவேன்.”

டீச்சரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மேஸ்திரி ரகுபதியிடம் சொன்னார்: “வேலை பூரா நீங்களே பண்ணுங்கண்ணா. நான் பார்த்துக்கிட்டு இருக்கறேன். முடிஞ்சுதா இல்லையான்னு மட்டும் நான் சொல்றேன்.”

“சரிங்க மேஸ்திரி,” என்றார் ரகுபதி. அன்றோடு அம்மிணி போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயதுக்காரர் பதினெட்டு வயது இளையவளை மேஸ்திரி என்று கூப்பிட்டு, காலையில் பட்டறையைக் கூட்டித் தண்ணீரும் தெளித்தார். எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நாலு நாள் அலைந்து, உடைப்புக்கு வந்த ஒரு வேனின் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தார். பிரித்துக் கழுவி மறுபடி கட்டினார். முன் ஸ்பிரிங்கை மாற்றினார், ரேடியேட்டரைப் பெரிதாக்கினார். கை வேலையில் குறை சொல்ல முடியாது. அந்தச் சுத்தம் எங்கள் ரோட்டில் வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது.

இன்ஜின் முதல் தடவை கிளம்பிய அன்று ஒரு கூத்து நடந்தது. சத்தமெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அணைக்கலாம் என்று சாவியைத் திருப்பி உருவினார். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். முப்பது வருஷம் பெட்ரோல் இன்ஜின் கட்டிய மனுஷன். டீசல் இன்ஜினுக்கு வருகிற எண்ணெயை நிறுத்தினால்தான் அது நிற்கும், அதற்குத் தனியாக ஒரு குமிழ் வைத்து இழுக்க வேண்டும் என்பதை மறந்தே போய்விட்டார். மேஸ்திரி கை விட்டு பம்பில் இருந்த கம்பியை இழுத்து நிறுத்தினார். மறுநாள் டேஷ்போர்டில் குமிழ் வந்தது. ஆனாலும் இறங்கும்போதெல்லாம் சாவியை உருவிக்கொண்டு நடந்துவிடுவார். “குமிழுங்ணா,” என்று நான் இங்கிருந்து சத்தம் கொடுப்பேன்.

மே மாதம் ஒரு வாரம் போனதும், “முடிஞ்சுது மேஸ்திரி,” என்றார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். சேசிஸில் இரும்புக் கட்டை வைத்து, அதன்மேல் இன்ஜினை உட்காரவைத்து போல்ட் போட்டிருந்தார். நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர் இல்லை.

“ரேஸ் வண்டில எதுவும் ஆடக் கூடாதுங்க. ஆடினா பவர் போயிரும்,” என்றார் ரகுபதி.

“டீச்சர் பஸ்ல போறப்ப என்ன பண்ணுவாங்க?”

“நோட்டு திருத்துவா. வீட்ல எங்க நேரம்.”

மேஸ்திரி என்னிடம் ஒரு பேப்பரும் பேனாவும் வாங்கினார். ரகுபதியை இடப்பக்க சீட்டில் உட்காரச் சொன்னார். இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

“டீச்சர் பேரைப் பத்துத் தடவை எழுதுங்கண்ணா.”

“இதென்ன, பள்ளிக்கூடமா?”

“எழுதுங்க.”

எழுதினார். நான் போய் எட்டிப் பார்த்தேன். வத்சலா என்ற நான்கு எழுத்து பத்து விதமாகக் கோணிக்கொண்டு கிடந்தது. கடைசி இரண்டைப் படிக்கவே முடியவில்லை.

ரகுபதி அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்று நாளில் இரும்புக் கட்டை போய் ரப்பர் வந்தது. மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்து அவராகவே பத்துத் தடவை எழுதிக் காட்டினார். பத்தும் ஒன்று போல இருந்தது.

மேஸ்திரி அதை மடித்து வைத்துக்கொண்டார். “நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வாங்க.”

“லீவு விட்டாச்சே.”

“பள்ளிக்கூட கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்கண்ணா.”

மறுநாள் மே பன்னிரண்டு. காலை ஏழு மணிக்குப் போனவர் ஒன்பதுக்கு வந்து சேர்ந்தார்.

“வழியில என்ன பார்த்தீங்க?” என்று மேஸ்திரி கேட்டார்.

“டெம்பரேச்சர் எண்பத்தஞ்சு தாண்டலை. ஆயில் பிரஷர் கச்சிதம். நாலாவது கியர்ல லேசா ஒரு முனகல்.”

“நாளைக்கும் போயிட்டு வாங்க.”

மறுநாள் முனகல் இல்லை. “லிட்டருக்குப் பதினாலு குடுத்துச்சு மேஸ்திரி.” நாளைக்கும் போயிட்டு வாங்க. அதற்கு அடுத்த நாள், “பங்க்ல எல்லாரும் சுத்தி நின்னு போட்டோ எடுத்தாங்க.” நாளைக்கும் போயிட்டு வாங்க. சூடு ஏறினால் கத்துகிற மாதிரி மேஸ்திரி ஒரு பஸ்ஸர் வைத்துக் கொடுத்தார், சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டத் தேவையில்லை என்றும் சொன்னார். ரகுபதிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸர் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று முள்ளையும் பார்த்தார்.

இப்படியே பதினெட்டு நாள். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

“குறை என்னன்னு சொன்னாத்தானே மேஸ்திரி சரி பண்ண முடியும்?”

“வண்டியில குறைன்னு நான் சொன்னனுங்களா?”

“பின்ன எதுக்கு இழுத்தடிக்கறீங்க? அவ பாயும் ஸ்டவ்வும் கட்டி வாசல்ல வெச்சுட்டா. நேத்து நானே சொல்லிப் பார்த்துட்டேன், வண்டி ரெடி, வந்து ஏறுன்னு. ‘மேஸ்திரி சொன்னாங்களா’ன்னு ஒரே கேள்விதான் கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வாய் வரலை.”

மேஸ்திரி ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது. எனக்கே கோபம் வந்தது. இந்தம்மாவுக்கு இத்தனை வீம்பு ஆகாது என்று வாய்விட்டே சொன்னேன். கேட்டிருக்கும்.

ஜூன் இரண்டாம் தேதி காலையும் ஏழு மணிக்குப் போனார். மறுநாள் பள்ளிக்கூடம்.

ஒன்பது ஆயிற்று, வரவில்லை. பத்து ஆயிற்று. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு பாலைப் பொங்க விட்டேன். வண்டி நடுவழியில் படுத்துவிட்டது, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மேஸ்திரியும் ரெண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். சாவியைத் திருப்பினார், கை தானாகப் போய்க் குமிழை இழுத்தது, இன்ஜின் நின்றது. நான் சத்தம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கி வந்து பட்டறை வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

நான் டீயோடு ஓடினேன். மேஸ்திரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“வழியில என்ன பார்த்தீங்க?”

ரகுபதி டீ டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நால்ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சு. நின்னேன். சும்மா வெளிய பார்த்தேன். ரோட்டோரத்துல ஒரு புளியமரத்தோட அடிக்கட்டை. ரோட்டை அகலப்படுத்தறப்ப வெட்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. அதுமேல ஒரு சாக்கை மடிச்சு வெச்சு, பறக்காம இருக்கக் கல்லு வெச்சிருந்தாங்க. பக்கத்துல நுங்கு வித்துட்டிருந்த அம்மாகிட்ட, அதென்ன சாக்குன்னு கேட்டேன். ‘டீச்சர் உக்கார்ற சாக்கு. நாளைக்கு வருவாங்கன்னு உதறி வெச்சேன்’னு சொல்லுச்சு.”

டீயை அவர் குடிக்கவில்லை.

“எந்த டீச்சர்னு கேட்டேன். முட்டி வலிக்கற டீச்சர், பதினோரு வருஷமா இங்கதான் பஸ் மாறுவாங்கன்னு சொல்லுச்சு. நான் போயி அந்தக் கட்டைல உக்காந்தேன் மேஸ்திரி. அடுத்த பஸ் எப்ப வருதுன்னு பார்க்கலாம்னு உக்காந்தேன். வரலை. ரெண்டு மணி நேரம் ஆச்சு. தலைக்கு மேல ஒரு தகரம்கூட இல்லை. பதினோரு வருஷத்துல அவ ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பஸ்ல போறா, பஸ்ல வர்றான்னு இருந்துட்டேன்.”

“இருபது நாளா அந்த வழியாத்தானே போனீங்க?”

“ஆமாங்க. இருபது நாளும் அந்தக் கட்டை அங்கயேதான் இருந்திருக்குது.”

மேஸ்திரி வண்டியைப் பார்த்தார். அது பாட்டுக்கு நிழலில் நின்றுகொண்டிருந்தது.

“சூடு எத்தனைங்ணா?”

ரகுபதி வண்டிப் பக்கம் திரும்பினார். மறுபடி மேஸ்திரியைப் பார்த்தார்.

“பார்க்கலீங்க.”

“கியர் முனகல்?”

“தெரியலீங்க மேஸ்திரி.”

மேஸ்திரி உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தார். ரகுபதியின் எதிரிலேயே நின்று பேசினார்.

“அக்கா, நாச்சி பேசறனுங்க. நாளைக்குக் காலைல ஏறிக்குங்க.”

அந்தப் பக்கத்தில் டீச்சர் ஏதோ கேட்டார். மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“இல்லீங்க்கா, வண்டி ரெடியாகி மூணு வாரமாச்சு. அண்ணன்தான் இன்னைக்கு ரெடியானாரு.”